மீன்முள் தரை வேணுமா? டிசைனைக் கடைசியா தேர்ந்தெடுங்க

இந்த எபிசோட் முழுக்க காலுக்குக் கீழ இருக்கிற ஒரு விஷயத்தைப் பத்தித்தான். தரை. அதுலயும் குறிப்பா, இப்போ எல்லாரோட போன்லயும் சேவ் ஆகி இருக்கிற அந்த மரத்தரை. சின்னச் சின்ன மரக்கட்டைகளை வளைச்சு வளைச்சு அடுக்கி, மீன் முள்ளு மாதிரி ஒரு டிசைன் வருமே, ஹெரிங்போன்னு சொல்வாங்க, அது. ஹெரிங்ங்கிறது ஒரு மீனோட பேரு. அதோட முள்ளு மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு வந்துச்சு. நான் இங்க மீன்முள்ளுன்னே சொல்றேன்.

எங்க வீட்டுக் கதையை முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நான் எங்க இருந்து பேசறேன்னு புரியும். நான் வேலை பாக்கறது பெங்களூரு. சொந்த ஊரு தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். அப்பா அம்மாவுக்காக தருமபுரி டவுன்ல ஒரு சின்ன வீடு கட்டறோம். கீழ்த்தளம் மட்டும்தான். தங்கச்சி தினமும் நாலு போட்டோ அனுப்புவா, எல்லாமே மீன்முள் தரை. அம்மாவோட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "அதுல தண்ணி ஊத்திக் கழுவலாமா கண்ணு?" அப்பா எதுவும் சொல்லல. ஆனா இந்தப் பேச்சே அவரால ஆரம்பிச்சதுதான். போன வருஷம் வாடகை வீட்டு ஹால்ல, அப்பதான் மாப் போட்டிருந்த பளபள டைல்ஸ் மேல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேஷன் ஆச்சு. இப்போ கைத்தடியோட நடக்கறார். அதனால எங்களுக்கு தரைங்கிறது அழகு சம்பந்தப்பட்ட விஷயமா மட்டும் இருக்கல.

ஆறு மாசமா இதைப் படிச்சு, கடை கடையா ஏறி, மேஸ்திரி, ஆசாரி எல்லார்கிட்டயும் பேசினதுல எனக்குக் கிடைச்ச ஒரே பாடம் இதுதான்: டிசைனைக் கடைசியா தேர்ந்தெடுங்க. அதுக்கு முன்னாடி நாலு கேள்வி இருக்கு. அந்தத் தரையை எப்படி சுத்தம் பண்ணுவீங்க? அடியில என்ன இருக்கு? அது மேல யார் நடப்பாங்க? மரம் எங்க இருந்து வருது? இந்த நாலுக்கும் பதில் கிடைச்சுட்டா டிசைன் தானா வந்து உக்காந்துக்கும்.

வெர்சாயில் ஏன் மரம் போட்டாங்க?

முதல் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கு. பாரிஸ் பக்கத்துல வெர்சாய் அரண்மனை. அங்க நிறைய அறைகள்ல முதல்ல பளிங்குத் தரைதான் இருந்துச்சு. பளிங்கைக் கழுவித்தானே ஆகணும்? கழுவின தண்ணி இடுக்கு வழியா கீழ இறங்கி, தரையைத் தாங்கிட்டு இருந்த மர உத்திரங்களை உளுத்துப் போக வெச்சுடுச்சு. அதனால 1684-ல பளிங்கை எடுத்துட்டு மரத்தரை போட்டாங்க. பெரிய சதுரம், அதுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா பின்னின பட்டைகள். இன்னிக்கும் கடையில அந்த டிசைனுக்கு வெர்சாய் பார்க்கேன்னுதான் பேரு.

இதுல நாம கவனிக்க வேண்டியது, அவங்க தண்ணியில இருந்து தப்பிக்கத்தான் மரத்துக்குப் போனாங்க. மரத்தரை போட்டதும் சுத்தம் பண்ற முறையும் மாறிப்போச்சு. கழுவறது நின்னு, துடைக்கறதும் மெழுகு போடறதும் வந்துச்சு.

நம்ம வீடு அப்படியே தலைகீழ். தருமபுரி கல்லு ஊரு. இந்த மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் பாறை இருக்கும், இல்லன்னா வயல் ஓரத்துல ஒரு நடுகல் நிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி கிரானைட் வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. கல்லு தரை, சிமெண்ட் தரை, ரெட் ஆக்ஸைடு தரைன்னு நாம போட்டது எல்லாமே தண்ணி ஊத்திக் கழுவறதுக்காகப் போட்டது. வெள்ளிக்கிழமை வீடு கழுவறது ஒரு பழக்கம். மாவுக்கோலம் ஈரத் தரையிலதான் போடறோம். வெயில் காலத்துல வெறும் தரையில துண்டை விரிச்சுப் படுத்தா முதுகு குளுகுளுன்னு இருக்கும். மரத்துல இந்த மூணும் வராது.

டிசைன் போட்ட தரை வேணும்னா அதுக்கும் நம்மகிட்ட ஒரு வழி இருக்கு. சிவகங்கை மாவட்டத்துல, காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி. அங்க கண்ணாடித் தகடு மேல அச்சை வெச்சு, கலர் சிமெண்ட் குழம்பை ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு கையாலயே செய்யறாங்க. அப்புறம் தண்ணியில ஊறப்போட்டு காய வெப்பாங்க. சூளையே கிடையாது. கண்ணாடி மேல வார்க்கறதாலதான் அந்த வழவழப்பு வருது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். தண்ணிக்கும் பயப்பட வேண்டியதில்ல.

அதனால உங்க வீட்டுல யாராவது வாரம் ஒரு தடவை வாளியோட நிப்பாங்கன்னா, அவங்க கிட்ட முதல்ல பேசுங்க. அவங்க பழக்கத்தை மாத்தறது நீங்க நினைக்கிற அளவுக்கு ஈஸி இல்ல. அது நியாயமும் இல்ல. வீட்டு வேலை முழுக்க அவங்க தலையில இருக்கறப்போ, அவங்களைக் கேக்காம நாம தரையை முடிவு பண்ண முடியாது.

கடையில "வுடன் ஃப்ளோரிங்"னு காட்டறது எல்லாம் மரம் இல்ல

இப்போ கடைக்குள்ள போவோம். "வுடன் ஃப்ளோரிங் காட்டுங்க"ன்னு கேட்டா மூணு விதமான பொருளை ஒரே பேர்ல காட்டுவாங்க.

முதலாவது லேமினேட். மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை, அது மேல மரம் மாதிரி பிரிண்ட் பண்ணின காகிதம், அதுக்கு மேல ஒரு கெட்டியான பூச்சு. விலை கம்மி. கீறல் சீக்கிரம் விழாது. ஆனா ஓரத்துல தண்ணி இறங்குச்சுன்னா தூள் பலகை ஊதிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது.

ரெண்டாவது இன்ஜினியர்டு வுட். மேல நிஜ மரம், ஒரு சில மில்லிமீட்டர். கீழ குறுக்கும் நெடுக்குமா ஒட்டின பிளைவுட் அடுக்கு. ஒரு அடுக்கு விரிய நினைச்சா பக்கத்து அடுக்கு பிடிச்சு வெச்சுக்கும். அதனால அசைவு கம்மி.

மூணாவது சாலிட் வுட். முழுக்க முழுக்க ஒரே மரக்கட்டை.

எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி: சாம்பிளைக் கையில வாங்கி மேல் பக்கத்தைப் பாக்காதீங்க, வெட்டின ஓரத்தைப் பாருங்க. மேல் மரத்தோட தடிமன் 4 மி.மீ. இருந்தா, பல வருஷம் கழிச்சு தேய்ச்சு பாலிஷ் போட்டு ரெண்டு தடவையாவது புதுசாக்கலாம். காகிதம் மாதிரி அரை மில்லிமீட்டர்தான்னா தேய்க்கவே முடியாது, அந்த டிசைனோட ஆயுசு அந்தத் தோலோட ஆயுசுதான். "எத்தனை மி.மீ. டாப் லேயர்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க, சேல்ஸ்மேன் உங்ககிட்ட பேசற விதமே மாறிடும்.

மரம் மூச்சு விடும்

மரத்தை வெட்டி அறுத்தப்புறமும் அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், விடும். இழுத்தா விரியும், விட்டா சுருங்கும். நீள வாக்குல இந்த அசைவு இல்லன்னே சொல்லலாம். அகல வாக்குலதான் எல்லாமே.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். பச்சை மரம் முழுசா காயற வரைக்கும் அதோட அகலம் எவ்வளவு சுருங்கும்னு மர நூல்கள்ல அட்டவணை இருக்கு. தேக்குக்கு 5.8 சதவீதம். அமெரிக்க வெள்ளை ஓக்குக்கு 10.5 சதவீதம். அகல வாக்குல அதிகமா சுருங்கற திசையோட அளவு இது. 100 மி.மீ. அகலப் பலகை ஒண்ணை எடுத்துக்கோங்க. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவுல அந்த மரத்தோட ஈரம் 4 சதவீதம் மாறுதுன்னு வெச்சுக்கிட்டா, தேக்குப் பலகை தோராயமா 0.8 மி.மீ. அசையும், ஓக் 1.4 மி.மீ. அசையும். ஒரு பலகைக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா 10 அடி அகல ரூம்ல இந்த மாதிரி 30 பலகை வரும். எல்லாம் ஒரே திசையில விரிஞ்சா எங்கயாவது போயாகணும் இல்லையா? சுவத்தை முட்டி நடுவுல தூக்கிடும்.

தருமபுரியில இது முக்கியம். பங்குனி, சித்திரையில உதடு வெடிக்கற மாதிரி காயுது. அப்புறம் தென்மேற்குப் பருவமழையும் வருது, வடகிழக்கும் வருது. நாம ஏசி போட்டு ஜன்னலை மூடி வெச்சு வாழறவங்க இல்ல. வெளிக்காத்து எப்படியோ வீட்டுக்காத்தும் அப்படியே. இன்ஸ்டாகிராம்ல பாக்கற அந்த ரூம்கள்ல பெரும்பாலும் வருஷம் முழுக்க ஹீட்டரோ ஏசியோ ஓடும்.

இந்த இடத்துல மீன்முள் டிசைனுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. கட்டைகள் சின்னது, பாதி ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், பாதி மறுபக்கம். அதனால விரியறது ஒரே திசையில சேராம ரெண்டு பக்கமும் பிரிஞ்சுடும். அதுக்கு ஏத்த மாதிரி நாலு சுவர் ஓரத்துலயும் 10 மி.மீ. கிட்ட இடைவெளி விடணும். மேல ஸ்கர்ட்டிங் வந்து மறைச்சுடும். "இடைவெளி எதுக்குங்க, ஒட்டியே அடிச்சுடலாம், நீட்டா இருக்கும்"னு ஒருத்தர் சொன்னா, அவர் மரத்தரை போட்ட ஆள் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க.

தேக்கா ஓக்கான்னும் கேப்பீங்க. கடினத்தை அளக்க ஜான்கா டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு எஃகுக் குண்டு பாதி ஆழத்துக்கு மரத்துக்குள்ள இறங்க எவ்வளவு விசை வேணும்ங்கிறதுதான் கணக்கு. தேக்குக்கு சுமார் 1,070 பவுண்டு, வெள்ளை ஓக்குக்கு 1,360. அதாவது பீரோவை இழுத்தா தேக்குல பள்ளம் சீக்கிரம் விழும். ஆனா தேக்கு அசையறது கம்மி. தேக்கோட வைரப்பகுதியை கரையானும் லேசுல தொடாது. பால் மரம்னு சொல்ற வெளிறின வெளிப்பகுதிக்கு அந்தச் சக்தி இல்ல. தருமபுரி மாதிரி ஊர்ல பீரோ காலுக்கு ஒரு ரப்பர் வெச்சுக்கிட்டு தேக்குப் பக்கம் போகலாம்னு எனக்குத் தோணுச்சு.

அடியில என்ன இருக்கு?

கீழ்த்தளம்னா ரெண்டு எதிரி. ஈரம், கரையான்.

புது கான்கிரீட் மேல பாக்க காஞ்ச மாதிரி இருக்கும். உள்ள ஈரம் இருக்கும். ஒரு அங்குல தடிமனுக்கு ஒரு மாசம் காயட்டும்னு கட்டட வேலையில ஒரு பொதுக்கணக்கு உண்டு. 4 அங்குலம்னா 4 மாசம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சுட்டு மரத்தரைக்கு அவசரப்பட்டா பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்கும்.

வீட்டுலயே பண்ணக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்கு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டி பாலித்தீன் ஷீட்டை தரை மேல விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க. எடுத்துப் பாக்கறப்போ அடியில நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் கறுத்திருந்தாலோ, இன்னும் காயல. ஒண்ணும் இல்லன்னாலும் அதை மட்டும் நம்பிடாதீங்க, தரை போடறவங்ககிட்ட ஈரம் அளக்கற மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. ரூமோட நாலஞ்சு இடத்துல பாக்கணும், பாத்ரூம் சுவர் ஓரத்துல கண்டிப்பா.

கரையானுக்கு மருந்து அடிக்கறது அஸ்திவாரம் போடும்போதே நடக்க வேண்டிய வேலை. அதுக்கு ஐ.எஸ். 6313-னு இந்தியத் தரக்குறியீடே இருக்கு. வீடு ஏற்கனவே கட்டியாச்சுன்னா, கட்டி முடிச்ச வீட்டுக்கு அடிக்கற முறை தனியா இருக்கு. அதை முடிச்சுட்டு அப்புறம் மரத்தைப் பத்திப் பேசலாம்.

மூணாவதா மட்டம். 6 அடி நீளத்துல ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை வெச்சா அடியில 3 மி.மீ.க்கு மேல சந்து தெரியக்கூடாது. கிரானைட் போடற மேஸ்திரி மேடு பள்ளத்தைக் கலவை வெச்சு சரி பண்ணிப்பார். மரத்தை பசை போட்டு ஒட்டறப்போ அந்த வசதி கிடையாது.

இப்போ டிசைன்

மூணு கேள்வி முடிஞ்சா டிசைன் பேசலாம்னு சொல்ல மாட்டேன், நாலாவது இன்னும் இருக்கு. ஆனா உங்க பொறுமைக்காக இதை முன்னாடி கொண்டு வரேன்.

மீன்முள்ளும் ஷெவ்ரானும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. மீன்முள்ளுல கட்டை சாதாரணச் செவ்வகம். ஒண்ணோட முனை இன்னொண்ணோட பக்கத்துல போய் இடிக்கும், அதனால கோடு படிப்படியா உடைஞ்சு போகும். ஷெவ்ரான்ல கட்டையோட முனையை 45 அல்லது 60 டிகிரியில சாய்வா வெட்டி இருப்பாங்க. ரெண்டு முனையும் ஒரே நேர்கோட்டுல சேரும், அம்பு முனை மாதிரி. பாக்க கம்பீரமா இருக்கும். ஆனா அந்த நேர்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். நல்ல ஆள் கிடைக்காத ஊர்ல நான் ஷெவ்ரானைத் தொட மாட்டேன். இன்னொண்ணு கூடைப் பின்னல். மூணு நாலு கட்டையைச் சேத்து ஒரு சதுரம், பக்கத்து சதுரத்துல திசை மாறும். போடறது சுலபம், சின்ன ரூமுக்கு அடக்கமா இருக்கும்.

கட்டையோட அளவுதான் பலர் யோசிக்காத விஷயம். கட்டை நீளத்தை 1.41-ஆல பெருக்குங்க. மீன்முள்ளுல ஒரு முழு வளைவோட அகலம் அதுதான். 15 அங்குலக் கட்டைன்னா ஒரு வளைவு 21 அங்குலம் வரும், 10 அடி அகல ரூம்ல அஞ்சரை வளைவுக்கு மேல வரும், டிசைன் தெளிவாத் தெரியும். 24 அங்குலக் கட்டைன்னா வளைவு 34 அங்குலம். அதே ரூம்ல மூணரைதான். கட்டிலைப் போட்டதும் டிசைனே காணாமப் போயிடும். போட்டோல பாக்கற ஹால் பெரும்பாலும் 20 அடி, 25 அடி இருக்கும். நம்ம பெட்ரூம் 10-க்கு 12.

அந்த 10-க்கு 12 ரூமுக்கே செலவுக் கணக்கு பாருங்க. 120 சதுர அடி. 3 அங்குலத்துக்கு 15 அங்குலக் கட்டைன்னா 384 கட்டை. ஓரத்துல சாய்வா வெட்டறதுல வீணாகும், அதுக்கு 10-ல இருந்து 15 சதவீதம் சேருங்க, 440 கிட்ட போயிடும். அதே ரூமுக்கு ஏழரை அங்குல அகலம், 6 அடி நீளப் பலகை போட்டா 32 பலகையில வேலை முடிஞ்சுடும். 32 எங்க, 440 எங்க? கூலி ஏன் ஏறுதுன்னு இப்போ புரியும். மரத்தோட விலையை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. போடற கூலியையும் மீன்முள்ளுக்குன்னு தனியா கேளுங்க.

போடறவரு சுவர் ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா நிறுத்துங்க. நம்ம வீட்டுச் சுவர் ஒண்ணும் தொண்ணூறு டிகிரி சுத்தமா இருக்காது. ரூம் நடுவுல நூல் பிடிச்சு, நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் போகணும். பசை போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வரிசையைச் சும்மா அடுக்கி, வாசல்ல நின்னு பாருங்க. முனை உங்களை நோக்கி வரணுமா, ஜன்னலை நோக்கிப் போகணுமான்னு அப்பதான் முடிவு பண்ண முடியும்.

யார் நடப்பாங்க?

மரத்தரை வழுக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது மேல் பூச்சைப் பொறுத்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கற பூச்சு போட்ட மரம், ஈரமானா டைல்ஸ் மாதிரியே வழுக்கும். மேட் ஆயில் ஃபினிஷ்ல காலுக்குப் பிடிப்பு அதிகம். கடையில சாம்பிள் மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு, செருப்பைக் கழட்டிட்டு வெறும் காலால தேய்ச்சுப் பாருங்க. சிரிப்பாங்க, பரவாயில்ல.

கிரானைட்டுக்கும் இதே டெஸ்ட்தான். பாலிஷ் இல்லாம லெதர் ஃபினிஷ்னு ஒண்ணு கிடைக்குது, தொட்டா தோல் மாதிரி சொரசொரப்பா இருக்கும். நம்ம ஊரு கல்லுலயே வாங்கலாம். வயசானவங்க இருக்கற வீட்டுல அதைக் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, ரெண்டு தரை சேர்ற இடம். கிரானைட் 18, 20 மி.மீ. இருக்கும். இன்ஜினியர்டு மரம் பெரும்பாலும் 14, 15 மி.மீ. ரெண்டையும் அப்படியே போட்டா வாசல்படியில ஒரு சின்ன ஏத்தம் வரும். நம்ம கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தடியோட நடக்கற ஒருத்தருக்கு கால் இடறறது அங்கதான். அடித்தளம் போடறப்பவே மேஸ்திரிகிட்ட சொல்லி மட்டத்தை ஒண்ணாக்கிடுங்க. அப்புறம் சரி பண்ண முடியாது.

மரம் எங்க இருந்து வருது?

நாலாவது கேள்வி. தருமபுரிக்காரங்க இதைக் கேக்காம இருக்கக் கூடாது.

இந்த மாவட்டத்துக் காடுகளுக்குப் பேர் வந்தது சந்தன மரத்தால. சந்தனத்துல யாரும் தரை போடறதில்ல. ஆனா மரத்துக்குப் பின்னாடி இருக்கிற பணம் என்ன பண்ணும்னு இந்த மண்ணு பாத்திருக்கு. 1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்துல வாச்சாத்தி. சந்தனக் கட்டை கடத்தறாங்கன்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள்ள புகுந்தாங்க. ஊர் மக்களை அடிச்சாங்க, வீடுகளை நொறுக்கினாங்க, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. 19 வருஷம் கழிச்சு, 2011 செப்டம்பர் 29-ல தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள இறந்துபோயிருந்தாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு. 2023 செப்டம்பர் 29-ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சுச்சு. மரத்தை வித்துச் சம்பாதிச்சவங்க யாரோ, அடி விழுந்தது மலையடிவாரத்து ஜனங்க மேல.

அதனால "பர்மா தேக்கு சார், ஒரிஜினல்"னு ஒரு கடையில சொன்னா, நான் அங்கயே நின்னு கேக்கறேன். மியான்மர் 2014 ஏப்ரல்லயே முழு மரத்தடி ஏற்றுமதியைத் தடை பண்ணிடுச்சு. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்கத்து அரசு மர நிறுவனம் மேல அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டிருக்கு. இங்க இறக்குமதி ஆகற தேக்குல நிறைய ஆப்பிரிக்காவுல இருந்தும் தென் அமெரிக்காவுல இருந்தும் வர தோட்டத் தேக்கு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அந்தப் பேர்லயே விக்கணும், அந்த விலைக்கே விக்கணும். பில் கேளுங்க. எந்த நாடு, எந்த மரம்னு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தர மாட்டேன்னா அதுவே பதில்.

இதுல ஒரு நல்ல வழியும் இருக்கு. பழைய வீடு இடிக்கறப்போ வர்ற உத்திரம், கதவு, நிலை. நல்லாக் காஞ்ச தேக்கு. மீன்முள்ளுக்குச் சின்னக் கட்டைதானே வேணும்? ஆணி ஓட்டை இருக்கற இடத்தைத் தள்ளிட்டு அறுத்துக்கலாம். ஆசாரிக்கு வேலை ஜாஸ்தி, கட்டை எல்லாம் ஒரே அளவா வரணும், அதுல மட்டும் கறாரா இருக்கணும்.

எங்க வீட்டுல என்ன பண்ணினோம்?

ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உக்காந்து பேசினோம். தங்கச்சிக்கு ஹால் முழுக்க மரம் வேணும். அம்மா கேட்டாங்க, "தீபாவளிக்கு ஊரே வந்து உக்காந்து சாப்பிடும், சாம்பார் கொட்டும், நான் துணியை எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடணுமா?" தங்கச்சிகிட்ட அதுக்குப் பதில் இல்ல. ஹால், சமையல்கட்டு, பூஜை ரூம் மூணுக்கும் லெதர் ஃபினிஷ் கிரானைட்னு முடிவாச்சு. வாசல் திண்ணையில மட்டும் ஆத்தங்குடி.

மரம் ஒரே ஒரு ரூம்லதான். அப்பா அம்மா படுக்கற ரூம். அங்க தண்ணி புழங்கறது கம்மி. பாத்ரூம் வாசல்ல இருந்து மூணு அடிக்கு மரம் வேண்டாம், கல்லுதான்னு நானே சொல்லிட்டேன். 4 மி.மீ. தேக்கு மேல் அடுக்கு, 15 அங்குலக் கட்டை, மீன்முள், மேட் ஆயில். ஹால் கல்லும் ரூம் மரமும் ஒரே மட்டம். கான்கிரீட் காயறதுக்காக கிரகப்பிரவேசத்தை ரெண்டு மாசம் தள்ளி வெச்சோம். அந்த ஒரு ரூம் செலவுல இன்னும் ரெண்டு ரூமுக்குக் கல்லு போட்டிருக்கலாம், அது உண்மை.

அப்பாகிட்ட கேட்டேன், "உங்களுக்கு எது வேணும்பா?" கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார், "ராத்திரி எழுந்து லைட் போடாம பாத்ரூம் போகணும். அவ்வளவுதான்." நாங்க மூணு பேரும் ஆறு மாசமா பேசினதை விட அது தெளிவான பதில்.

நீங்க எந்த ஊர்ல, எந்த பட்ஜெட்ல வீடு கட்டினாலும் சரி, ஃப்ளாட்ல ஒரு ரூமை மட்டும் மாத்தினாலும் சரி, போட்டோவை சேவ் பண்றதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுடுங்க: இந்தத் தரையில நீங்க என்ன பண்ணப் போறீங்க? சமைக்கறவங்க, கழுவறவங்க, தவழற குழந்தை, தடி பிடிச்சு நடக்கற தாத்தா, எல்லார் பதிலையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பரைக் கையில எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க.

உங்க வீட்டுத் தரைக் கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஜன்னல் பத்திப் பேசலாம்.